ஏழாம் எண் பெட்டி

ஏரியைச் சுற்றி முப்பத்தொரு பெட்டிகள்.
பனியாறு உருகி உருகி நிறைக்கும் அந்த ஏரி
ஒருநாள் கரையை உதைத்துக்கொண்டு இறங்கினால்
கீழே தாஷ்-கெச்சூவுக்குப் பதினெட்டு நிமிடம்.
அதற்காகப் பெட்டிகள்.
பெட்டிகளுக்காக நான், பெகிமாய்,
வருடம் ஒருமுறை, ஆகஸ்டில்,
முதுகில் பாட்டரியும் ரொட்டியுமாக மேலேறுகிறவள்.

பெட்டிக்கு இரண்டே பாட்டரி,
விரல் நீளம்.
நீர்மட்டம் பார்ப்பது மலிவு.
கூட்டிக் கழிப்பது அதைவிட மலிவு.
பேசுவதுதான் செலவு.
தூரம் இருமடங்கானால் மூச்சு நான்கு மடங்கு,
பாறை குறுக்கே நின்றால்
பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
யாராவது கூப்பிடுவார்களோ என்று
சும்மா காதைத் திறந்துவைத்திருப்பதும்
ஏறக்குறைய அதே செலவு.
இதைப் பாடத்தில் படிக்குமுன்பே அறிவேன்:
கணவர் கஜானுக்கு வேலைக்குப் போன குளிர்காலம்,
தலைமாட்டில் போன்.

ஆகையால் தூங்கச் சொல்லியிருக்கிறோம்.
நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து
உண்டா என்று கேட்டு
இல்லையென்றால் மறுபடி தூக்கம்.
உண்டென்றால் பக்கத்துப் பெட்டிக்கு,
அது தன் பக்கத்துக்கு,
கைமாறிக் கைமாறிக் கணவாய்க் கோபுரத்துக்கு.
யாரும் கத்துவதில்லை.
முணுமுணுத்தே மலையைக் கடக்கிறது ஏரியின் சேதி.

எல்லாம் சரி. ஆனால் ஏழு.
கோபுரத்துக்கு அருகில் இருந்தது அதன் குற்றம்.
மிச்ச முப்பதும் அதன் தோளில் ஏறித்தான் போயாகவேண்டும்.
தன் நீர்மட்டம் சொல்ல நாளுக்கு இருபத்துநான்கு சொல்;
ஊரார் சேதி சுமக்க
எழுநூற்றிருபது.
கடைக்கோடியில், பனியின் உதட்டில், முப்பத்தொன்று
மூன்றாவது வருடமும் புதுசுபோல இருக்க,
ஏழு ஒன்பதே மாதத்தில் செத்தது.
மே மாதம். பாதையைப் பனி இன்னும் விடவில்லை.

மற்ற முப்பதும் உயிரோடுதான் இருந்தன.
விழித்தன, அளந்தன,
ஏழின் திசையில் சொல்லிவிட்டுத் தூங்கின.
இருபத்திரண்டு நாள் ஏரியைப் பற்றி
எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
தாஷ்-கெச்சூவில் உருளைக்கிழங்கு நட்டார்கள்.
ஏரி, நல்லவேளை, நல்லபிள்ளையாக இருந்தது.

பனி விட்டதும் ஏறினேன்.
ஏழுக்குப் பெரிய பாட்டரி வை என்றார்
துர்தாகூன், ஹீட்டருக்குப் பக்கத்திலிருந்து.
வைத்தேன்.
அதோடு விட மனசில்லை.
கூடாரத்துக்குள் விரல் விறைக்க விறைக்க
விதியைத் திருத்தி எழுதினேன்:
எது குறுக்குவழி என்று கேட்காதே,
யாரிடம் மிச்சம் இருக்கிறது என்று கேள்.
கோபுரத்தின் காதுக்கு எட்டும் தூரத்தில்
பன்னிரண்டும் உண்டு, பத்தொன்பதும் உண்டு,
மர்மோட் வளை தோண்டிச் சாய்த்துவிட்ட நான்கும் உண்டு.
கொஞ்சம் உரக்கப் பேசவேண்டும், அவ்வளவே.
எங்கள் பள்ளத்தாக்கில் வாய்க்கால் காவலர் முராப்
வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் திருப்புவார்;
அந்தக் கணக்குத்தான்.
இன்று நீ, நாளை அவன்.
சேதி சுற்றிக்கொண்டு வரும், அரை நொடி தாமதமாக.
பதினெட்டு நிமிடத்தில் அரை நொடியைத்
தாஷ்-கெச்சூ பொறுத்துக்கொள்ளும்.

இறங்கும் வழியில், மூன்றாம் வளைவில்,
போனுக்கு உயிர் வந்தது. நாற்பத்தொரு சேதி.
மாமியாருக்கு மாத்திரை, எர்மெக்கின் கடன் தவணை,
நாத்தனார் மகளுக்கு ஹாஸ்டல், பக்கத்துவீட்டுக் குதிரைக்கு டாக்டர்.
வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அருகில் குடியிருக்கிறேன்.
பாறைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.
ஒன்றுக்குமட்டும் பதில் போட்டேன்:
எர்மெக்கிடமே கேளுங்கள், அவனிடம் கார் இருக்கிறது.
பிறகு அணைத்தேன்.

கோட்டுப் பையில் ஏழின் பழைய பாட்டரிகள்.
ரேடியோவுக்கு ஆகாது என்று மீட்டர் சொல்லிவிட்டது.
சமையலறைக் கடிகாரத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.
ஓடுகிறது.
கொஞ்சம் மெதுவாக.